நான்கு பேருக்கு மேல் நிற்கக் கூடாத வடை பன் திருவிழா

எங்கள் சிவகாசிப் பக்கத்து ஆட்கள் எதை நடத்தினாலும் கடைசியில் அது பட்டாசுக் கம்பெனி மாதிரிதான் வந்து நிற்கும். அங்கே அறைகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும், ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. கல்யாணப் பந்தியில் நாற்காலிகளுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளியைப் பார்த்தே, மண்டபத்துக்காரர் முன்பு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவரா இல்லையா என்று சொல்லிவிடலாம். போன மே மாதம் வடை பன் திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் பாவம், இது தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டார்கள்.

வடை பன் என்பது பெரிய வித்தையெல்லாம் இல்லை. கம்பெனி பஸ் வருவதற்குள் டீக்கடையில் நின்றபடி ஒரே கையால் தின்று முடிக்க வேண்டும் என்பதற்காக யாரோ கண்டுபிடித்தது. பன்னை நடுவில் பிளந்து, காரச் சட்னி தடவி, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த பருப்பு வடையை உள்ளே வைத்து, உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கித் தருவார்கள். அந்த அமுக்கில் வடை நொறுங்க வேண்டும், பன் கிழியக் கூடாது. சிவகாசியில் இதற்கு மேல் எதையும் சேர்க்க மாட்டோம். விருதுநகர்க்காரர்கள் பரோட்டாவுக்கு ஊற்றிப் பழகிய கையோடு இதன் தலையிலும் சால்னாவை ஊற்றிவிடுவார்கள். சாத்தூர்க்காரர்கள் உள்ளே ஒரு பிடி காராச்சேவைத் திணிப்பார்கள். காராச்சேவு இல்லாமல் அவர்களால் பாயசம் வைக்க முடிகிறதே, அதுவே எனக்கு ஆச்சரியம். மூன்று ஊர்க்காரர்களும் தங்களுடையதுதான் ஒரிஜினல் என்று சண்டை போடுவார்கள். சண்டையை ஒரே இடத்தில் வைத்து நடத்தினால் கூட்டம் வருமே என்று வியாபாரிகள் சிலருக்குத் தோன்றியிருக்கிறது. அதுதான் திருவிழா.

எங்கள் வீட்டிலிருந்து மதினி கடை போட்டார். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. பருப்பு வடையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் அவரைப் புகழ்ந்து பேசுவது அபூர்வம் என்பதால் இதை நம்பலாம்.

நான் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் பள்ளி கேன்டீனை நடத்திக்கொண்டிருந்தவர் மகனோடு கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார். ஜூன் மாதத்திலிருந்து புது ஆள் வேண்டும். நான் தலைமையாசிரியையான சிஸ்டரிடம் மதினியைப் பற்றிச் சொல்லிவைத்தேன். "திருவிழாவுக்கு வந்து சாப்பிட்டுப் பாக்கேன். அடுப்படியில எப்படி வேலை செய்யிறாங்கன்னும் பாக்கேன்" என்றார் சிஸ்டர். பிடித்துவிட்டால் கேன்டீன் மதினிக்கு. இல்லையென்றால் நாலு வருடமாகச் செய்வதுபோல வீட்டுக்குள் உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். "பெட்டிய ஒட்டி ஒட்டி நானே ஒரு பெட்டி ஆயிட்டேன்" என்று மதினி சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் கேன்டீன் பேச்சை எடுத்த அன்றே வடையை அரித்தெடுக்கப் புது அரிகரண்டி வாங்கி வந்துவிட்டார்.

சிஸ்டரிடம் நான் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. மதினியால் அடுப்பைப் பற்றவைக்க முடியாது.

நாலு வருடத்துக்கு முன்பு அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தபோது பக்கத்து அறையில் விபத்து. அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் வீடு திரும்பவில்லை. மதினி இரண்டு முழங்கைகளிலும் தீக்காயத்தோடு பிழைத்தார். கை ஆறிவிட்டது. எரிகிற அடுப்பின் முன்னால் நின்று எத்தனை வடை வேண்டுமானாலும் போடுவார், அதில் பயமே கிடையாது. இல்லாத நெருப்பு திடீரென்று வருகிற அந்த ஒரு நொடிதான் அவருக்கு ஆகாது. தீக்குச்சியைக் கையில் எடுத்தாலே கீழே போட்டுவிடுவார். திருகினால் தானே பற்றும் அடுப்பை அண்ணன் வாங்கி வந்தான். அது 'டிக் டிக்' என்றதும் மதினி வாசலுக்கு ஓடிவிட்டார். கரண்ட் அடுப்பு வாங்கி வந்தான். அதன் மேல் வடைச்சட்டி நிற்காமல் ஆடியது.

அதனால் அண்ணன் வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவன் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான். காலையில் அவன்தான் அடுப்பைப் பற்றவைப்பான். அவன் வேலைக்குக் கிளம்புவதற்குள் மதியச் சோறுவரை ஆகிவிடும். சாயங்காலம் அவன் வந்த பிறகுதான் காபி. நடுவில் விருந்தாளி வந்தால் மோர். அண்ணன் வீட்டு மோர் எங்கள் சொந்தத்தில் ரொம்பப் பிரபலம். "ஏன், ஒரு காபி போட மாட்டாகளாக்கும்?" என்று யாராவது கேட்டால் நான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். மதினிக்கு வயிற்றில் புண், காபி வாசனையே ஆகாது என்பேன். ஒரு சித்தியிடம் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்றேன். அந்தச் சித்தி வரும்போதெல்லாம் சிலிண்டர் தீர்ந்திருந்தது. பிள்ளைகளைப் பொய் சொல்லக் கூடாது என்று முட்டிபோட வைக்கிறவள் நான்.

கேன்டீனுக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு அண்ணன், "வேலைக்குப் போற வழியில நான் வந்து பத்தவச்சிட்டுப் போறேன். ஒங்க சிஸ்டருக்கு எதுக்குத் தெரியணும்?" என்றான். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. மதினி மட்டும் எழுந்துபோய்ப் பருப்பை நனையப் போட்டார்.

திருவிழா, விருதுநகர் ரோட்டில் ஒரு பொட்டலில். வாசலிலேயே ஒரு மேசை போட்டு எல்லோரிடமும் தீப்பெட்டியும் லைட்டரும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். உலகத்துக்கே தீப்பெட்டி அனுப்புகிற ஊரில், உள்ளே நுழைய வேண்டும் என்றால் தீப்பெட்டியைக் கொடுத்துவிட வேண்டும். விழா ஏற்பாட்டைக் கவனித்தவர் ரிட்டயர் ஆன ஒரு ஃபோர்மேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

உள்ளே போனால் கடைகளைக் காணோம். இருந்தன, ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு கபடி மேட்ச் நடத்தலாம். ஒவ்வொரு கடைக்கும் முன்னால் மூன்று வாளி மணல், இரண்டு வாளி தண்ணீர். கம்பெனி அறைச் சுவரில் எழுதுவதுபோலவே ஒவ்வொரு கடையின் தகரத்திலும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். எங்களுடையதில் 'அறை எண் 7. ஆட்கள் 4. பொருள்: வடை' என்று இருந்தது. நாலு பேருக்கு மேல் கடை முன்னால் நின்றால் ஃபோர்மேன் விசில் ஊதினார். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் ஐந்து பேராக வந்திருந்தது. தாத்தாவைத் தள்ளி நிற்கவைத்துவிட்டு மற்ற நாலு பேரும் சாப்பிட்டார்கள். பிறகு ஒருவர் வெளியே வர, தாத்தா உள்ளே போனார்.

உச்சகட்டம் அடுப்புதான். ஜனங்கள் இருக்கும் இடத்தில் நெருப்பே கூடாது என்று எல்லா அடுப்புகளையும் கிழக்கு மூலைக்குக் கொண்டுபோய், நடுவில் தகரம் தகரமாக மறைத்து வைத்துவிட்டார்கள். கம்பெனியின் மருந்து அறை மாதிரி, அங்கே செருப்போடு போகக் கூடாது. மே மாத வெயிலில் சுட்ட தரையில், வடைத் தட்டோடு ஒவ்வொரு கடைக்காரரும் குதித்துக் குதித்து ஓடினார். ஓடி வருவதற்குள் வடை ஆறிப்போகும், ஓடியவர் சூடாகிவிடுவார். மதினியும் நானும் அடுப்படியில் நின்றோம், அண்ணன் எங்கள் கடைக்காக ஓடினான். திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்ததும் அவனுடைய அச்சகம்தான். அதில் இருந்த பன் கோயில் கோபுரத்தை மறைக்கிற அளவுக்குப் பெரியது. "படத்துல இருக்க சைஸ் எங்கண்ணே?" என்று ஒருவர் கேட்டபோது, "அது கலர்ல அடிச்சது, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடினான்.

ஒரு நன்மையும் இருந்தது. அடுப்பு மூலையில் ஒரே ஒரு லைட்டர். அதை ஒரு கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஃபோர்மேன் ஒருவரைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. அவரே வந்து கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு அடுப்பாகப் பற்றவைத்துவிட்டு மறுபடி கட்டினார். மதினி அப்போது நாலடி தள்ளி நின்று பன்களைப் பார்ப்பதுபோல நின்றார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அடாடா, நமக்கென்றே போட்ட சட்டம் என்று நான் மனசுக்குள் ஃபோர்மேனை வாழ்த்தினேன். விசில் ஊதியதற்கெல்லாம் மன்னித்துவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் சிஸ்டர் வந்தார். அந்த வெயிலிலும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் குதித்துக் குதித்துத்தான் அடுப்பு மூலைக்கு வந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் குதித்து நான் பார்த்ததில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எங்கன உங்க மதினி?"

மதினி அரிகரண்டியை வைத்துவிட்டுக் கும்பிட்டார். "வாங்க சிஸ்டர். செத்த நில்லுங்க, சூடா ஒண்ணு போட்டுத் தாரேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. மே மாதத்து அனல்காற்று, பொட்டல் முழுக்கப் புழுதி. தகரம் ஒன்று சாய, அடுப்பு அணைந்துவிட்டது. மதினி கண் மூடித் திறப்பதற்குள் கேஸைத் திருகி மூடினார். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பிறகு மாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் ஃபோர்மேனைத் தேடினேன். அவர் பொட்டலின் மறுகோடியில் சாத்தூர்க் கடையில் நாலாவது ஆளாக நின்று வாய் நிறைய மென்றுகொண்டிருந்தார். அண்ணனோ தட்டோடு கடைக்குப் போயிருந்தான்.

"பத்தவைங்கம்மா, யாரு வேண்டாம்னா?" என்று சிஸ்டர் கம்பத்தில் தொங்கிய லைட்டரைக் காட்டினார்.

எனக்கு நாலு வருடப் பயிற்சி. சட்டென்று, "மதினி கையெல்லாம் மாவு சிஸ்டர், நான் வைக்கேன்" என்று லைட்டரை நோக்கிப் போனேன்.

"அதுக்குக் காரணம் மாவு இல்ல சிஸ்டர்" என்றார் மதினி.

நான் நின்றுவிட்டேன். மதினி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு, சேலை முந்தானையில் கையைத் துடைத்து, சிஸ்டருக்கு முன்னால் விரித்துக் காட்டினார். சட்டைக் கை மேலே ஏறியதில் முழங்கைத் தழும்பும் தெரிந்தது.

"எனக்கு அடுப்புப் பத்தவைக்க வராது. பயம். கம்பெனில அடிபட்டதுல இருந்து இப்படித்தான். பத்த வச்சுக் குடுத்தா நூறு பேருக்குன்னாலும் சமைப்பேன். வீட்டுல எங்க வீட்டுக்காரக பத்தவைப்பாக. ஒங்களுக்குத் தெரியாம காலையில வந்து பத்தவச்சிட்டுப் போறேன்னாக. எனக்கு அது பிடிக்கல. வேலை குடுத்தா இது தெரிஞ்சு குடுங்க. இல்லன்னாலும் ஒண்ணும் இல்ல, வடை மட்டும் சாப்பிட்டுப் போங்க."

என் காது இரண்டும் சுட்டன. அது தரைச் சூட்டினால் இல்லை. சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்கினால் கணக்கு முடிந்துவிடும் என்பது எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சிஸ்டர் போய் லைட்டரைப் பிடித்து இழுத்தார். கயிறு எட்டவில்லை. பல்லால் கடித்தே முடிச்சை அவிழ்த்தார். "நீங்க பின்னால போங்க" என்றார். மதினி நாலடி பின்னால் போனார். சிஸ்டருக்குக் கேஸ் அடுப்பு பழக்கம் இல்லை போலிருக்கிறது, மூன்றாவது தடவையில்தான் பற்றியது. தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தினமும் காலையில ஆறு மணிக்குக் கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்துறேன். அப்படியே வந்து அடுப்பையும் ஏத்திட்டுப் போறேன். இது ஒரு விசயமா?" என்றார். "வடை எங்க?"

மதினி வந்து அடுப்பின் முன்னால் நின்றார். எண்ணெய் காய்ந்ததும் வடைகளைத் தட்டிப் போட்டார். பன்னைப் பிளந்து, சட்னி தடவி, வடையை வைத்து ஒரு அமுக்கு. சிஸ்டர் நின்றபடி ஒரே கையால் முழுவதையும் தின்று முடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார். போகும்போது, "ஜூன் முதல் நாள் ஆறரைக்கு நான் வந்துருவேன். நீங்க லேட்டா வரக்கூடாது" என்று மதினியிடம் சொன்னார்.

"நீங்க லேட்டா வராம இருங்க சிஸ்டர். அடுப்பு ஒங்க பொறுப்பு" என்றார் மதினி. அவரிடம் அப்படி ஒரு வார்த்தை பேச எனக்கு இன்றுவரை தைரியம் வந்ததில்லை.

சிஸ்டர் குதித்துக்கொண்டே வாசலுக்குப் போனார். நாங்கள் இரண்டு பேரும் தனியாக நின்றோம். மதினி எனக்கும் ஒரு வடை பன் செய்து நீட்டினார். நான் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன்.

"ஏ டீச்சரம்மா, ஒண்ணு கேக்கவா?" என்றார். "வயித்துல புண்ணு, சிலிண்டர் தீந்துபோச்சு, கையெல்லாம் மாவு. நாலு வருசமா எம்புட்டுப் பொய்யி! அம்புட்டும் எனக்காகவா சொன்னீக?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றுதான் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றியிருக்கிறது. மதினிக்குச் சொல்ல விருப்பமா என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

"இல்ல மதினி. எனக்காகத்தான்" என்றேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அடுத்த வடைக்கு மாவை உருட்டியபடி, "சாப்பிடுங்க, ஆறிப்போவுது" என்றார்.