சூர்யகலாவின் பூச்சிமுள் பெட்டிகள்

சூர்யகலாவின் அண்ணன் காசிராஜன் குடிக்க மாட்டான். பீடி கூடப் பிடிக்க மாட்டான். குடித்துவிட்டு அடிக்கிறவனையாவது போதை இறங்கியதும் நாலு கேள்வி கேட்கலாம், அவனும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். இவன் குளித்து, திருநீறு பூசி, வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, தெளிந்த புத்தியோடு கூடப் பிறந்தவளை அடிப்பான். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் தலை அந்தப் பக்கம் மோதினால் இந்தப் பக்கம் என் அலமாரியில் தம்ளர் உருளும். நான் உலக்கையை எடுத்துச் சுவரில் திருப்பி இடிப்பேன். "டேய் காசிராஜா, உன் கை வெளங்காமப் போகாதாடா!" என்று கத்துவேன். லயமே கேட்கும். ஆனால் ஒருத்தனும் எழுந்து வர மாட்டான். எஸ்டேட் ஆபீசில் போய்ச் சொன்னால், "அண்ணன் தங்கச்சி சண்டைக்கெல்லாம் இங்க வர்றீங்களே" என்பார்கள்.

நான் பொற்கொடி. பிறந்தது ராசிங்காபுரம், பிழைப்பது போடிமெட்டுக்கு மேலே இந்த ஏலக்காட்டில். எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளைத்தான் இங்கே லயம் என்கிறோம். வேலை பார்க்கிறவர் பேரில் ஒரு வீடு. கலாவின் வீடு கலா பேரில். அவள் புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்ததும், தேவாரத்தில் தன் பங்குக் காட்டை விற்றுத் தின்று முடித்திருந்த காசிராஜன், துணைக்கு வருகிறேன் என்று பெட்டியோடு வந்து இறங்கினான். வந்த மாதமே கதவின் உள்தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்தான். "எனக்குத் தெரியாம உனக்கு என்ன கதவடைப்பு?" என்றான். அன்றிலிருந்து அவள் நிம்மதியாகக் குளித்தது, உடுத்தியது, தூங்கியது எல்லாம் என் வீட்டில்தான்.

எஸ்டேட்டுக்கு மேலே ஒரு விடுதி இருக்கிறது. அங்கே குளம் வெட்டி மீன் விட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் தூண்டில் போட்டுப் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். பணக்காரர்களுக்குப் பொழுது போக வேண்டாமா! அவர்கள் தூண்டிலில் மண்புழு கிடையாது. முள்ளைச் சுற்றி இறகும் நூலும் கட்டிப் பூச்சி மாதிரியே செய்திருப்பார்கள். நாங்கள் அதைப் பூச்சிமுள் என்போம். தூண்டிலை முதுகுப் பக்கம் வீசி, பிறகு முன்னால் வீசுவார்கள். பாதி நேரம் முள் பின்னாலிருக்கிற உண்ணிச்செடியிலோ கொய்யாமரத்திலோ மாட்டிக்கொள்ளும். நூலை அறுத்துவிட்டு அடுத்ததைக் கட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் பெருக்கப் போகும் கலா அவற்றைச் செடி செடியாகப் பொறுக்கினாள். நசுங்கின இறகைக் கெட்டில் ஆவியில் காட்டினால் மறுபடி விரிந்து நிற்கும் என்று அவளே கண்டுபிடித்தாள். மழுங்கின முனையைச் சாணைக்கல்லில் தீட்டினாள்.

விடுதியைப் பார்த்துக்கொள்கிற இனியவன் இதைக் கவனித்திருக்கிறார். "அக்கா, மழை முடிஞ்சு குளம் திறக்குற அன்னைக்கு, பெறக்கினதையெல்லாம் துருப்பிடிக்காம, நசுங்காமக் கொண்டாங்க. நல்லா இருந்துச்சுன்னா இந்தச் சோலிக்கு உங்களையே நிரந்தரமா வச்சுக்கிறேன். மேல ஒரு ரூமும் தர்றேன்" என்றார்.

"ரூமுக்கு உள்தாழ்ப்பா இருக்கா சார்?" என்று கேட்டாள் கலா. அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

அந்தச் செய்தி காசிராஜன் காதுக்கு வர எத்தனை நேரம் ஆகும்? கலா மேலே போய்விட்டால் லயத்து வீட்டை ஆபீஸ் திரும்ப எடுத்துக்கொள்ளும், அவன் தெருவில் நிற்க வேண்டும். "ஆம்பளைங்க கூடக் கொளத்தங்கரையில நிக்கப் போறியோ?" என்று மானம் மரியாதை பேசித்தான் முதல் அறை விழுந்தது. மானமாவது மண்ணாங்கட்டியாவது. அவனுக்கு ஓசி வீடு போகிறதே என்கிற வயிற்றெரிச்சல்.

பூச்சிமுள்ளைப் பத்திரமாக வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஈரத்தோடு மூடினால் துரு ஏறும், அழுத்தி வைத்தால் இறகு படுத்துவிடும், சேர்த்துப் போட்டால் ஒன்றோடொன்று சிக்கும். விருந்தாளிகள் அதற்கென்று விலை கொடுத்து வாங்கிய பெட்டி வைத்திருந்தார்கள். கலா முதலில் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி அடியில் வைத்தாள். முட்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. காசிராஜன் அம்மிக்குழவியை எடுத்து அந்த டப்பாவைத் தகடாகத் தட்டினான். தடுக்கப் போனவளின் முன்பல் ஒன்று அன்றைக்குப் போயிற்று.

அவள் விடவில்லை. வளைந்த முள்ளை நிமிர்த்தி, பிய்ந்த இறகை மறுபடி சுற்றிக் கட்டினாள். தேய்ந்த ஹவாய் செருப்பைப் பிளேடால் பட்டை பட்டையாக அறுத்து, சோப்பு டப்பாவுக்குள் ஒட்டினாள். ரப்பரில் குத்தி வைத்தால் முள் ஆடாது, இறகும் காற்றாட நிற்கும். பார்க்க அத்தனை அழகாக இருக்கும். அதையும் கண்டுபிடித்து மிதித்தான். டப்பாவின் மேல் அவள் கை இருந்தது. கை இருக்கிறது என்று தெரிந்தே, குதிகாலை வைத்துத் திருகினான். இரண்டு விரல் எலும்பு முறிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது அந்தச் சத்தம். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு, "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். அவள் வாயில் எப்போதும் வருகிற பதில் அதுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளையே இரண்டு அறையலாம் போல இருந்தது.

விரலில் கட்டோடு அடுத்தது செய்தாள். மாத்திரை டப்பாவில் அடியில் கொஞ்சம் அரிசி போட்டு, அதன் மேல் துணி, துணியின் மேல் முள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதை நான் என் வீட்டில் வாங்கி வைத்தேன். காசிராஜன் என் கதவை உதைத்துத் திறந்துகொண்டு உள்ளே வந்து, டப்பாவைத் தேடி, என் பானை சட்டியையெல்லாம் உருட்டினான். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. யோசிக்கவே இல்லை, சட்டியோடு தூக்கி அவன் மேல் ஊற்றினேன். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. அந்தக் கையோடும் டப்பாவை எடுத்துப் போய் ஓடையில் வீசிவிட்டுத்தான் ஓய்ந்தான். அவன் ஆங்காரம் அப்படி!

அடுத்து, ஓடையில் துழாவிப் பொறுக்கினதையெல்லாம் கூல்டிரிங்ஸ் குடிக்கிற உறிஞ்சுகுழலில் ஒவ்வொரு முள்ளாகப் போட்டு, இரண்டு முனையையும் மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டி, விளக்குமாற்றுக் குச்சிகளுக்கு நடுவே செருகி வைத்தாள். அந்த விளக்குமாற்றையே எடுத்து அவளைச் சாத்தினான். கட்டு அவிழ்ந்து குழல்கள் சிதறின. அவற்றைப் பார்த்ததும் அவனுக்கு வெறி கூடிவிட்டது. "மறுபடி இதைக் கையில பாத்தேன், உன்னக் கொன்னு ஏலக்காட்டுக்குள்ள பொதைச்சிருவேன். ஒருத்தன் கேக்க மாட்டான்" என்றான். அவன் சொன்னால் செய்வான்.

"போதும்டி கலா. உசுரு இருந்தாத் தானடி வேல, ரூமெல்லாம்" என்றேன்.

"இப்பிடி உசுர வச்சு என்னக்கா செய்ய?" என்றாள்.

குளம் திறக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம், மிஞ்சின முட்களோடு என் வீட்டுக்கு வந்தாள். சுமை தூக்கத் தலையில் வைக்கிற சும்மாட்டைக் கையில் வைத்திருந்தாள். பழைய கம்பளிக் குல்லா ஒன்றைக் கீறி, அந்தப் பட்டையைச் சும்மாட்டைச் சுற்றித் தைத்தாள். முட்களை வரிசையாகக் கம்பளியில் குத்தி நுனியை வெளியே எடுத்து விட்டாள். கம்பளி ஈரத்தை உறிஞ்சும், இறகும் நசுங்காது. மேலே மெல்லிசாக ஒரு துண்டு. "பொம்பள தலைச் சும்மாட்ட எவன்க்கா தொடுவான்?" என்றாள். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

மறுநாள் காலையில் சுருளியின் ஜீப்பு லயத்துக்குக் கீழே வந்து நின்றது. அது மேலே விடுதிக்குக் காய்கறி லோடு இறக்கிவிட்டுப் போடிக்குத் திரும்புகிற ஜீப்பு. கலா சும்மாட்டைத் தலையில் வைத்து, கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் நான். காசிராஜன் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். பாவி, அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சும்மாடு தலையில் இருக்கிறது, கூடை அவள் இடுப்பில் இருக்கிறது. சுமக்கிற எவளும் அப்படிப் போக மாட்டாள்.

"நில்லுடி" என்று நாலே எட்டில் வந்துவிட்டான். இடது கையால் அவள் கழுத்தைப் பிடித்து நெட்டி, வலது கையால் சும்மாட்டை முடியோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்து, முழுப் பலத்தோடு முறுக்கி இழுத்தான்.

அப்புறம் அவன் போட்ட அலறலில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. பூச்சிமுள்ளில் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு குட்டி முள் இருக்கும். உள்ளே போகும், திரும்பி வராது. உள்ளங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல் அடி என்று எல்லா இடத்திலும் இறங்கிவிட்டது. கையை உதறினான். உதற உதற இன்னும் ஆழமாக ஏறியது. அறிவுகெட்டவன், இடது கையால் அதைப் பிடித்து இழுத்தான். அந்தக் கையும் மாட்டிக்கொண்டது. ரத்தம் முழங்கை வழியாக ஒழுக, இரண்டு கையும் ஒரே சும்மாட்டில் கோத்து நின்றான். கலாவின் தலைமுடி ஒரு பிடி பிய்ந்து அதிலே தொங்கியது. அப்படியும் காலைத் தூக்கி அவள் வயிற்றில் உதைத்தான். நான் விறகுக்கட்டையை எடுத்து அவன் முட்டியிலேயே போட்டேன். உட்கார்ந்துவிட்டான்.

கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அழவில்லை. குனிந்து அவன் கைகளைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, முள்ளு பூராம் உங்கையில இருக்கு. நான் மேல கொண்டுபோகணும். நீயும் ஜீப்புல ஏறு" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்டி!"

"மேல போயிட்டுத்தான் ஜீப்பு போடிக்குப் போகும். ஏறு."

லயமே வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கு வேறு வழியில்லை. ஏறினான். சுருளி திரும்பிப் பார்த்து, "என்னண்ணே கையில?" என்று கேட்டான்.

"வழுக்கி விழுந்துட்டேன்" என்றான் காசிராஜன். கலா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பல் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விடுதியில் இனியவன் பதறிப்போய்க் குறடு எடுத்து வந்தார். முள்ளை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். கலா மறித்தாள். "வெட்டினா முள்ளு வீணாப் போயிரும் சார். கெட்டில்ல தண்ணி மட்டும் கொதிக்க வைங்க." அண்ணனைப் படியில் உட்கார வைத்தாள். முள்ளின் வளைவில் நூலை மாட்டி, முள்ளின் மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, வெடுக்கென்று ஒரு சுண்டு. முள் முழுசாக வெளியே வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் அவன் ஊளையிட்டான். அவள் ஒவ்வொன்றாக வெந்நீரில் அலசி, ஆவியில் காட்டி, இறகை ஊதி விரித்து, கூடையிலிருந்து எடுத்த செருப்பு ரப்பரில் குத்தினாள். முறிந்து கோணலாகக் கூடின அந்த இரண்டு விரலாலும்தான் இவ்வளவும் செய்தாள்.

"மெதுவா ஆத்தா, மெதுவா" என்று கெஞ்சினான் காசிராஜன்.

"மெதுவாத்தான் எடுக்கிறேன். உங்கைக்காக இல்லண்ணே, எறகு பிஞ்சிறக் கூடாதுல்ல."

அவனுக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்தக் கை வரட்டும்டி. நீ எந்த ரூமுல படுத்தாலும் உன்ன உசுரோட விட மாட்டேன்" என்றான்.

இனியவன் அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். நான் மறுபடி விறகுக்கட்டையைத் தேடினேன். கலா நூலைக் கீழே வைத்தாள். இன்னும் இரண்டு முள்தான் பாக்கி. வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் அரைச் சாண் கம்பளிப் பட்டை. கையை விரித்தால் இரண்டு பக்கமும் சதை கிழியும். அதனால் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்தே வைத்திருந்தான்.

அவள் எழுந்து புடவையில் கையைத் துடைத்தாள். ரப்பர்ப் பட்டையை இனியவனிடம் நீட்டினாள். "எண்ணிப் பாத்துக்கோங்க சார். ரெண்டு கொறையும். அது எங்கண்ணன் கையில இருக்கு. போடியில டாக்டரு எடுத்துக்குவாரு."

இனியவன் எண்ணவில்லை. ஒரு முள்ளைத் தொட்டு, ஒளியில் திருப்பிப் பார்த்தார். இறகு ரோமம் ரோமமாக நின்றது.

"சாவியக் குடுங்க சார்" என்றாள் கலா.

அவர் கொடுத்தார். அவள் குளத்துக்கு மேலேயிருந்த அறைக்கு ஏறிப் போய், உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. உடனே திறந்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். காசிராஜன் என்னைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னாலேயே ஏறினான். "கலா, கதவத் தொற! இந்த ரெண்டையும் எடுத்துவிட்டுட்டுப் போடி!" என்று கத்தினான். தட்டுவதற்கு அவனுக்குக் கை இல்லை. நெஞ்சுக்கு நேரே இரண்டு கையும் சேர்ந்து நிற்க, கதவின் முன்னால் நின்றான். பார்க்கிறவர்களுக்கு அவன் கும்பிடுகிற மாதிரிதான் இருந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"சோலி கெடக்குண்ணே, போ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவு திறக்கவில்லை.