மேசைக்கு எதிரே ஒரு தாய்

பரீட்சைக்கு வந்த மாணவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உங்க மகன்..." என்றதோடு நா ஒட்டிக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த அக்கா, மதிப்பெண் போடுபவர் பார்க்காதபடி, மேசைக்கடியில் தன் கைக்குட்டையை அவள் மடியில் வைத்தாள். அதை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் மீதியைச் சொல்லி முடித்தாள்.

தையல்காரியான அக்காவுக்கு மருத்துவக் கல்லூரியில் கிடைத்த வேலை அது. அறுக்கவும் தைக்கவும் தெரிந்தால் போதாது, துக்கச் செய்தியைப் பக்குவமாகச் சொல்லவும் டாக்டர்கள் பழக வேண்டும் என்று புதுப்பாடம் வைத்திருந்தார்கள். அதில் மகனைப் பறிகொடுத்த தாயாக அக்கா நடிப்பாள்.

தங்கைக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. அக்காவின் ஒரே மகன் நிஜமாகவே விபத்தில் போனவன். "முடிஞ்சிடுச்சும்மா, கையெழுத்து போடுங்க" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார் அன்றைய டாக்டர். அதன்பின் வீட்டில் யாரும் அவன் பேரை எடுப்பதில்லை. அக்கா உடைந்துபோவாளே என்று தங்கைதான் எல்லார் வாயையும் கட்டியிருந்தாள்.

"ஆறின புண்ண ஏன்க்கா கிளறிக்கிற?"

"ஆறிடுச்சுன்னு உன்கிட்ட யாருடி சொன்னா? போ, பால் பொங்குது பாரு."

ஒருநாள் அழைத்துவரப் போன தங்கை, கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். உள்ளே ஒரு மாணவன் மெதுவாக, மரியாதையாக, இறந்த மகனின் பேரைச் சொன்னான். அது அவர்கள் வீட்டுப் பிள்ளையின் பேர். நடிப்புக்கு அதையே கொடுத்திருந்தாள் அக்கா. கடவுளே, இதைக் கேட்கத்தானா இவள் ஓடி ஓடி வந்தாள்! தங்கை கதவைத் தட்டாமல், அவன் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். ஆனாலும் வீடு திரும்பியபின் அந்தப் பேர் அவள் வாயில் வரவில்லை.

பிறகு கல்லூரியில் அக்காவின் இடத்துக்குப் பேசும் கம்ப்யூட்டர் திரை வந்தது. அதற்குள் ஒரு தாய், எத்தனை பேர் வந்தாலும் சலிக்காமல் அழுதாள். அக்காவைக் குறைசொல்லாமல் அனுப்பிவைத்தார்கள்.

"அந்தம்மாவோட பையனுக்கு என் மகன் பேர வைக்கலாமா?" என்று கேட்டாள் அக்கா.

"அதுக்கு வேற பேரு முன்னாடியே வச்சு வந்துடுச்சும்மா" என்றார் பேராசிரியை.

அதோடு அக்கா படுத்துவிட்டாள். ஏற்கெனவே பழுதான இதயம். ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்து தங்கை எழுந்தபோது, அதுதான் கடைசி என்று இருவருக்கும் தெரியாது. அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து, மெல்லச் சிரித்தாள்.

"உட்காருடி. நான் கண்ண மூடிக்கிறேன், நீ டாக்டரா இரு. ‘உங்க மகன்’னு ஆரம்பி. அழுகை வந்தா வரட்டும். பேர மட்டும் விட்டுடாத."