நாற்பதாம் எண்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்கிற வேலையில் காதைவிட வயிற்றுக்குத்தான் வேலை அதிகம்; எந்நேரமும் கலங்கிக்கொண்டே இருக்கும். இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

என் தகுதி

அப்போது நான் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தேன். நிரந்தர நைட் ஷிஃப்ட். பகலில் தூக்கம் வராது. பழைய புத்தகக் கடையில் மனம் பற்றி எது கிடைத்தாலும் வாங்கிப் படிப்பேன். பக்கத்து வீட்டுப் பையனின் டி.சி. வாங்க ஹெப்பகோடிப் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போனவன், ஹெட்மிஸ்ஸிடம் அந்தப் புத்தகங்களைப் பற்றி உளறிவிட்டேன். வாரம் மூன்று நாள், பதினொன்றிலிருந்து ஒன்றுவரை வந்து பிள்ளைகளிடம் பேச முடியுமா என்று கேட்டார். படிப்பு பத்தாவதோடு சரி மேடம் என்றேன்.

"டீச்சர்கிட்ட பசங்க வாயத் திறக்கறதில்ல. நீங்க டீச்சர் இல்ல. அந்த குவாலிஃபிகேஷன் போதும்."

ரங்கண்ணா கூப்பிட்ட விதம்

சயன்ஸ் லேப்பில் எலும்புக்கூட்டுப் படத்துக்குக் கீழே எனக்கு ஒரு பெஞ்ச். வகுப்பாசிரியை கைகாட்டிய ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கூட்டிவர பியூன் ரங்கண்ணா போனார். நல்ல மனுஷன், குரல்தான் பெரிசு. வாசலில் நின்று பையனின் பெயரைச் சொல்லி, "மண்டை சரி பண்ற சார் கூப்பிடறாரு" என்றிருக்கிறார். வகுப்பே சிரித்தது. பையன் வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. அதற்கப்புறம் யாரைக் கூப்பிட்டாலும் அதே கதை.

அதனால் ஒரு வழி செய்தேன். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒன்றாம் எண்ணிலிருந்து எல்லாரையும் கூப்பிடுவது. பிரச்சினை இருக்கிறவன், இல்லாதவன் என்ற பேச்சே இல்லை. ரங்கண்ணாவுக்கும் பிடித்துப்போயிற்று.

"இது சரி சார். ரேஷன் கடை கியூ மாதிரி. யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க."

பதினோராம் எண்

அந்தப் பதிவேட்டில் பையன்கள் முதலில், பெண்கள் பிறகு. இருபத்து நான்கு பையன்கள் முடிந்தால்தான் முதல் பெண். இதை நான் யோசிக்கவே இல்லை. என் பெருமையில் நான் இருந்தேன்.

பதினோராம் எண் முருகன். தனக்கு ஒரு குறையும் இல்லை என்றான். புத்தம்புது ஜியாமெட்ரி பாக்ஸை மடியில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். ஏதுடா என்று கேட்டேன்.

"நாப்பதாம் நம்பர் ஜெயந்தி குடுத்துச்சு சார். ஸ்கெட்ச் பென்ன நசீமாவுக்குக் குடுத்துடுச்சு. இனிமே எனக்கு எதுவும் வேணாம்னு சொல்லுச்சு."

தலைகீழாக

இருக்கிற பொருளையெல்லாம் ஒரு பிள்ளை மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தால் அது உயிரை விட நினைப்பதன் அறிகுறியாக இருக்கலாம், விடாதே என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். அவளை மட்டும் கூப்பிட்டால் வகுப்பு சிரிக்கும், வர மாட்டாள். வரிசைப்படி போனால் அவள் முறை வர மாதக்கணக்காகும். ரங்கண்ணாவிடம், பெண்கள் பாவம், இன்றிலிருந்து கடைசி எண்ணிலிருந்து வரட்டும் என்றேன். நாற்பத்திரண்டும் நாற்பத்தொன்றும் வந்தார்கள். என்ன பேசினேனோ, ஆளுக்கு ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டேன்.

நாற்பது அன்றைக்கு ஆப்சென்ட். விலாசம் வாங்கிக்கொடுத்து ரங்கண்ணாவை சைக்கிளில் அனுப்பினேன். போய்வர முக்கால் மணி நேரம். எலும்புக்கூட்டைப் பார்க்கப் பிடிக்காமல் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

"வீடு பூட்டியிருக்கு சார். பக்கத்துல விசாரிச்சேன். எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல."

நேராகக் கேட்டது

அன்று ராத்திரி பாய்லர் பிரஷரை இரண்டு தடவை தப்பாக எழுதினேன். மறுநாள் என் முறை இல்லை, போனேன். ஜெயந்தி வந்திருந்தாள். முந்தின நாள் அம்மாவோடு கார்மெண்ட்ஸில் வேலை கேட்கப் போயிருந்தாளாம். அரையாண்டுப் பரீட்சையில் இரண்டு பாடம் போய்விட்டது. பத்தாவது கிடையாது, மெஷினில் உட்கார் என்று அம்மா சொல்லிவிட்டார். இதை ஏதோ அடுத்த வீட்டுச் சமாசாரம் போலச் சொன்னாள்.

நேராகக் கேட்டுவிடு என்று புத்தகத்தில் இருந்தது. கேட்டு நானே அந்த நினைப்பைக் கிளப்பிவிட்டால்? கடைசியில், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதாம்மா என்று கேட்டேன். பெஞ்சை நகத்தால் சுரண்டினாள்.

"தோணும் சார். இப்ப இல்ல. சாயந்தரம், அம்மா வர்ற வரைக்கும் தனியா இருக்கறப்ப."

வெளியே போகாது

இங்கே சொல்வது வெளியே போகாது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். இதை மட்டும் ஹெட்மிஸ்ஸிடமும் உன் அம்மாவிடமும் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றபோது அவள் பெஞ்சை விட்டு எழுந்து வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மத்தியானமே அம்மாவை வரவழைத்தோம். வேலையில் அரை நாள் போன கோபத்தோடு வந்தவர், விஷயத்தைக் கேட்டு நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பெரியாஸ்பத்திரி மனநல டாக்டரிடம் மூவருமாகக் கூட்டிப்போவது என்று முடிவாயிற்று. படிப்பை நிறுத்துகிற பேச்சு அப்புறம். அன்றைய சாயந்தரத்தை என்ன செய்வது?

"நான் எட்டு மணிக்குத்தான் வருவேன் மேடம்" என்றார் அம்மா. "அதுவரைக்கும் இவள யார்கிட்ட விடுவேன்?"

ஹெட்மிஸ் மேஜையிலிருந்த டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"எங்கிட்ட விடுங்க. எங்க வீட்ல யாரும் ஒழுங்கா சாப்பிடறதில்ல, இவளாவது சாப்பிடட்டும்."

காலை பத்து மணி

டாக்டரைப் பார்த்துவந்து ஜெயந்தி மறுபடி வகுப்புக்கு வர ஆரம்பித்தாள். அதன்பிறகு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுப்பது நின்றுபோனது. நேராகப் பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டி மறைவில் நிற்பேன். உள்ளே டீச்சர் எண்களை வாசிப்பார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது என்றதும் ஒரு நொடி சத்தமே இருக்காது. அந்த நொடிக்கு நீளம் அதிகம். பிறகு "பிரெசென்ட் மிஸ்" என்று மெல்லிசாக ஒரு குரல் வரும். கால் தானாக வீட்டைப் பார்த்து நடக்கும். இப்படியே வாரக்கணக்கில். ஒருநாள் ரங்கண்ணா தொட்டிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தினமும் அட்டெண்டன்சுக்கு கரெக்டா வந்துடறீங்க. உங்க நம்பர் எத்தன சார்?"

ஜெயந்தி பத்தாவது பாஸாகிப் போய்ப் பல வருஷமாகிறது. காலை பத்து மணியானால் இன்னமும் என் வயிறு கலங்குகிறது என்பதைத் தவிர, இந்த வேலையில் நான் சம்பாதித்ததாகச் சொல்லிக்கொள்ள வேறொன்றுமில்லை.