நான் காடு என்று குறித்த வயல்

கல்முனையில் எங்கள் வீட்டு மேசையில் இருந்தபடியே நான் செய்த வேலை இது. யுத்தம் எங்கள் பக்கத்து நிலத்தை எவ்வளவு பாழாக்கியது என்று கண்டுபிடிக்க ஒரு நிறுவனம் செயற்கை நுண்ணறிவைப் பழக்கிக்கொண்டிருந்தது. செய்மதிப் படங்களைப் பார்த்து, இது வயல், இது காடு, இது கைவிட்ட நிலம் என்று நாங்கள் சிலர் குறித்துக் கொடுப்போம். அதைக் கற்றுக்கொண்டு மீதியை இயந்திரம் குறிக்கும்.

திருக்கோவில் பக்கத்துப் படம் ஒன்று வந்தது. முழுக்கப் பச்சை. ஆனால் பச்சைக்குள் மங்கலாக நேர்கோடுகள் தெரிந்தன. நான் சம்மாந்துறையில் வயல் செய்தவரின் மகள். காடு வரம்பு கட்டி வளராது என்று எனக்குத் தெரியும். ‘சந்தேகம்’ என்ற பெட்டியை அழுத்தினால் படம் மேற்பார்வையாளரிடம் போகும், வேலை நிற்கும். எல்லோரையும்விட வேகமானவள் என்று அந்த வாரம்தான் அவர் என்னைப் பாராட்டியிருந்தார். காடு என்று குறித்தேன். அதைப்போல வந்த மற்றப் படங்களையும் அப்படியே குறித்தேன்.

சில மாதங்களில் வரைபடம் தயாராகி வன, காணி அலுவலகங்களுக்கும் போய்விட்டது. இடங்களைச் சரிபார்க்கப் போன குழுவில் நானும் இருந்தேன். அறுபது வயதிருக்கும் ஒரு தமிழ் அம்மா எங்களைப் புதர் மண்டிய பற்றைக்குள் கூட்டிப் போனார். கொடிகளை வெட்டி விலக்கி, மேடாகக் கிடந்த மண்ணைக் காலால் தட்டிக் காட்டினார். வரம்பு.

“இது காடில்ல. சண்டைக்குள்ள நாங்க விட்டுட்டு ஓடின வயல். காடெண்டு எழுதினா நாங்க எப்பிடி வெட்டி விதைக்கிற? ஆரு, மகள், இப்பிடி எழுதின?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். கம்ப்யூட்டர் தானாகச் சொன்னது என்று குழுத் தலைவர் பதில் சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது. நான் கையிலிருந்த டெப் திரையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொன்னேன். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார்:

“ஒனக்கு வரம்பு தெரியல்லியா?”

“தெரிஞ்சிது வாப்பா.”



மறுநாள் மேற்பார்வையாளருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். என் படங்களைத் திருப்பி வாங்கி, ஒவ்வொன்றாக மாற்றிக் குறித்தேன். இயந்திரத்தை மறுபடியும் பழக்கினார்கள். புதிய வரைபடத்தில் அந்த இடம் யுத்தத்தால் கைவிடப்பட்ட வயல் என்று வந்தது. ஆனால் எந்த அலுவலகத்தில் எந்த வரைபடத்தை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று எவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

புதியதன் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனேன். காடு என்று குறித்தவள் நான்தான் என்று சொன்னேன். அவர் பிரதியை வாங்கிக்கொண்டார்.

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மகள். ஒங்கட குழுப் பெரியவர் பக்கத்திலதானே நிண்டவர்.”

பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மழைக்கு முந்திப் பற்றையை வெட்டலாமா என்று என்னிடமே கேட்டார். தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. மழையோடு தொடங்கும் அந்தப் பெரும்போகத்துக்கு அவர் விதைக்கவில்லை.