கறையானுக்கு வயிற்று மருந்து

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் வாசல் நிலையில் கறையான் ஏறியது. என் கணவர் பொதுத்துறைத் தொழிற்சாலையில் இன்ஜினியர். மண்ணெண்ணெய் ஊற்றுவதெல்லாம் படிக்காதவர்கள் வேலை என்று சொல்லிவிட்டார்.

அவருடைய நண்பர் ஒருவர் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுப்பவர். காபி குடிக்க வந்தவர், "கறையான் மரத்தைத் தின்னுமே தவிர, தனியா செரிக்க முடியாது. அது குடலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருக்கு. முக்கால்வாசி வேலை அதுங்களோடதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் துள்ளி எழுந்தார். "அந்தக் கிருமியைக் கொன்னுட்டா? தின்னுக்கிட்டே பட்டினியில சாகும்!"

மறுநாளே தொழிற்சாலை மருந்தகத்தில் தனக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி கேப்சூல் வாங்கி வந்தார். அதைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்து, மகளின் டிராயிங் பிரஷ்ஷால் நிலை முழுக்கப் பூசினார். காலை, மதியம், மாலை என்று விடுமுறை நாளில் மூன்று வேளை.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மருந்து தீரும்போதெல்லாம் அவருக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு வந்தது. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரரான வீட்டுக்காரம்மா ஒருநாள் வந்து பார்த்துத் திகைத்து, ஊர் உருது கலந்து சொன்னார்:

"கைக்கு சார், எதுக்கு இதெல்லாம்? நக்கோ, வேணாம். நிலையையே மாத்திடலாம்."

"ரெண்டு வாரம் பொறுங்கம்மா. ரிசல்ட் தெரியும்."

தெரிந்தது. ஒரு காலையில் பால்காரருக்காகக் கதவைத் திறந்தேன். கீலோடு கதவு என் கையில் வந்தது. நிலைக்குள் கறையான்கள் கொழுகொழுவென்று நெளிந்தன.

அதே மாதம் ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போகிறவர்களின் பட்டியல் வெளியானது. முதலில் இருக்கவேண்டிய இவர் பெயர் அதில் இல்லை. கேட்கப் போனவரிடம் தொழிற்சாலை டாக்டர் கனிவாகச் சொன்னாராம்:

"ரெண்டு மாசமா நிக்காத வயித்தோட அந்தக் குளிர்ல போய் என்ன சார் பண்ணுவீங்க?"

மருந்தைத் தின்றது கறையான் என்று சொல்லியிருந்தால் வேலையே போயிருக்கும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார். இவரைவிட ஆறு வருடம் இளையவர் விமானம் ஏறினார். அலுவலகத்தில் கேட்டவர்களிடம் இவர், "எல்லாம் பாலிடிக்ஸ்" என்றார்.

நான் முதலில் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தபோது பாவமாக இருந்தது. சனத்நகர் பட்டறையில் செய்த இரும்பு நிலையை ஆட்கள் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"டோஸ் பத்தலை."