பி பக்கத்தில் கிடந்த குரல்

நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். ஒயரையும் காந்தத்தையும் தவிர வேறெதையும் நம்பாதவனாகத்தான் நானும் இருந்தேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கேசட் கடை, சி.டி. வந்த பிறகு கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் இழுத்து டெக்கில் சொருகி, கேட்கிறவர்களுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பசுவந்தனைப் பக்கத்திலிருந்து ஆட்டுக்காரம்மா ஒருத்தி பழைய கேசட்டோடு வந்தாள்.

“அண்ணாச்சி, ஏ பக்கம் மட்டும் பாட்டு ஏத்துங்க. அந்தப் பக்கம் கைய வச்சிராதீய, எங்க வீட்டுக்காரவிய கொரலு கெடக்கு. அவிய செத்து மூணு மாசமாச்சு, இன்னும் அவிய கூப்பிட்டாத்தான் ஆடு கெடைக்கு வருது. நான் கூப்பிட்டா, எவளோ கத்துதாளேன்னு பாத்துட்டு மேயப் போயிருது.”

சிரித்தேன். பதிந்தது அழியாமலிருக்க அவர்கள் கேசட்டின் விளிம்பில் உடைத்து வைத்திருந்த இரண்டு ஓட்டைகளிலும், மறுபடி பதிய வேண்டுமே என்று கைப்பழக்கத்தில் செல்லோடேப் ஒட்டினேன். டெக்கை ஓடவிட்டு டீ குடிக்கப் போனவன் பேச்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். அந்த டெக் ஒரு பக்கம் முடிந்தால் தானாகவே மறுபக்கம் திரும்பிப் பதியும். அதை நிறுத்திவைக்க மறந்திருந்தேன். வந்து பார்த்தால் பி பக்கமும் முழுக்கப் பாட்டு. வெளியே பஸ் ஹாரன். பிடுங்காத குறையாகக் கேசட்டை வாங்கிக்கொண்டு அவள் ஓடினாள்.

மத்தியானம் கடையைச் சாத்தினேன். குரல் அழிந்துபோனதைச் சொல்லிவிடுவோம் என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு பசுவந்தனைப் பக்கம் விசாரித்துப் போனேன். பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காடு, உரத்துக்காக ஆட்டை அடைக்கிற கிடை, அதன் வாசலில் அவள். ஆடுகள் சாய்ந்த வெயிலில் எங்கோ தூரத்தில் பஞ்சாகச் சிதறிக் கிடந்தன.

“என்ன அண்ணாச்சி, பாட்டத் திருப்பிக் கேக்க வந்தியளா?” என்றவள், நான் வாயெடுப்பதற்குள் டேப் ரெக்கார்டரைத் தட்டிவிட்டாள். பி பக்கம்.

நான் ஏற்றிய அதே சினிமாப் பாட்டுதான் ஓடியது, சத்தியமாக.

ஆடுகள் தலை தூக்கின. ஒன்று, பத்து, பிறகு காடே எழுந்து வருவதுபோல், கரிசல் வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி, புழுதி பொன்னாகப் பறக்க, முட்டாமல் தள்ளாமல் வந்து கிடைக்குள் நுழைந்தன. எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “கொரல நல்லாத் தொலக்கிக் குடுத்திருக்கிய அண்ணாச்சி. பக்கத்துல நின்னு கூப்பிடுத மாரி இருக்கு.”

அப்போதுதான் அத்தனை ஆடுகளும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தன.

“ஆமா, கடைசியில சண்முகவேலுன்னு கூப்பிடுதாவளே, அது யாரு? எங்க ஆட்டுல அப்பிடி ஒருத்தரும் கெடையாதே?”

அது என் பேர். அவளிடம் நான் சொன்னதில்லை. கடைப் பலகையில் இருந்ததும் என் மகள் பேர்தான். காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன், பாட்டுதான் கேட்டது. அத்தனை உயிர் நின்ற அந்தக் காட்டில், அவர் என்னைக் கூப்பிட்டது எனக்கு மட்டும்தான் கேட்கவில்லை.