அனலைதீவுக்குப் போன வள்ளத்தில் நான் ஏன் இருந்தேன்?

தன் கடமைக்காகக் கடலில் போகும் ஒரு போதகர், பிள்ளையைக் கண்டால் சுடமாட்டார்கள் என்று நம்பித் தன் மகளை வள்ளத்தின் முன்னால் இருத்தினால், அந்த நேரம் அவர் போதகரா, அப்பாவா?

எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருடமாக யோசித்தும் தெரியாது.

நேற்று என் பதிவொன்றின் கீழே ஒருவர், "போதகர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயமே இருக்காது, கொடுத்துவைத்தவர்கள்!" என்று கமெண்ட் போட்டிருந்தார்.

லைக் போட்டுவிட்டு நகர மனம் வரவில்லை. அதனால்தான் இது.

தொண்ணூறாம் ஆண்டு. இயக்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் சண்டை மறுபடியும் தொடங்கிச் சில கிழமைகள். எனக்குப் பதின்மூன்று வயது.

அப்பா யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில், கரம்பொன் பக்கத்தில் ஒரு சின்னத் தேவாலயத்தின் போதகர். சுற்றிவரக் கத்தோலிக்கரும் சைவரும். நடுவில் ஒரு கைப்பிடி புரட்டஸ்தாந்துக்காரர் நாங்கள்.

அனலைதீவில் எங்கள் சபைக்கு ஒரே ஒரு வீடு. அங்கே றாகேல் ரீச்சர் சாகக் கிடந்தார். கடைசியாக ஒருமுறை திருவிருந்து வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை காலை வள்ளக்காரர் தாசண்ணை வீட்டுக்கு வந்தார். கத்தோலிக்கர். அப்பாவைச் 'சுவாமி' என்றுதான் கூப்பிடுவார். (சுவாமிக்கு மனைவியும் மகளும் இருப்பது அவருக்குக் கடைசிவரை பழகவில்லை.)

"சுவாமி, ரெண்டு ஆம்பிளையள் தனியப் போனா இயக்கம் எண்டு நினைப்பாங்கள். ஒரு பிள்ளை முன்னுக்கு இருந்தா நேவி சுடமாட்டான்."

அம்மா குசினியிலிருந்து வந்தார்.

"தாசு, உமக்கென்ன விசரே? உம்மட பிள்ளையை ஏத்துமன்!"

தாசண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

"ரீச்சர் கேட்டு மூண்டு நாளாச்சு. நான் போகாட்டி ஆர் போறது?" என்றார் அப்பா.

"நீங்கள் போங்கோ. வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. அவள் நிக்கட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். "வாறியோ?"

"ஓம்" என்றேன்.

(போதகர் வீட்டுப் பிள்ளைக்கு வேறு பதில் சொல்லப் பழக்கியிருக்கவில்லை.)

துறையில் வைத்து அப்பா சொன்னது ஒன்றுதான். "நேவி வந்தா எழும்பி நில். உன்னை அவங்கள் காணோணும்."

அப்பாவிடம் நல்ல வெள்ளை அங்கி ஒன்றுதான் இருந்தது. உப்புத்தண்ணீர் பட்டுக் கெட்டுவிடும் என்று, வள்ளத்தில் ஏறியதும் அதைக் கழற்றிப் பைக்குள் வைப்பது அவர் வழக்கம். அன்றைக்கும் அப்படியே செய்தார். அது உடம்பில் இருந்தால்தான் போதகர் என்று தெரியும் என்ற யோசனை யாருக்கும் வரவில்லை.

பாதிக் கடலில் சாம்பல் நிறப் படகு வந்தது.

தாசண்ணை எஞ்சினை நிறுத்தினார். அப்பா அங்கியைப் போடுவதற்காகக் குனிந்து பைக்குள் கையை விட்டார்.

"ஐயோ சுவாமி, பையில கை வைக்காதேங்கோ!"

துப்பாக்கி அப்பாவின் பக்கம் திரும்பியது.

நான் எழும்பி நிற்க வேண்டிய நேரம். என் கால்கள் எழும்பவில்லை. எந்த வேலைக்காக என்னை ஏற்றினார்களோ அந்த வேலையை நான் செய்யவில்லை.

அப்பா மெதுவாக அங்கியின் ஒரு கையை மட்டும் வெளியே இழுத்துக் காட்டினார். "சேர்ச்... நான் சேர்ச்."

"பாதரா?" என்றான் படகில் நின்றவன். அரைகுறைத் தமிழ். கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கியது. எனக்கு மூச்சு வந்தது.

"ஓம், பாதர்."

"இது யார்?"

"என்ர மகள்."

அவன் முகம் மாறியது. "பாதருக்கு மகள் இல்லை. பொய்!"

எங்களைக் காப்பாற்ற வந்த சாட்சி நான். அப்பாவைப் பொய்யனாக்கியதும் நான்தான்!

தாசண்ணை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கத்தினார். "சேர், இது வேற சேர்ச் சேர்! இவையள் கலியாணம் கட்டலாம் சேர்!"

அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். "இவர் யார்?"

"அப்பா." அது சத்தமாக வந்ததா என்று இன்றும் சந்தேகம்.

அவன் என் காதுகளைப் பார்த்தான். அப்பாவின் காதுகளைப் பார்த்தான். (எங்கள் பரம்பரைக் காதுகளைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.) அருகில் நின்றவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள்.

"போ, போ."

என் பாவாடை நனைந்திருந்தது. கடல் தண்ணீர் என்றுதான் வீட்டில் சொன்னேன்.

றாகேல் ரீச்சர் கண்ணைத் திறந்ததும் கேட்டது, "இந்த நேரத்தில பிள்ளையை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"பாட்டுப் பாட" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பாடினேன். ரீச்சர் அப்பத்தை வாங்கிக்கொண்டார். நாங்கள் திரும்பும்போது கடலில் யாரும் இல்லை.

அடுத்த நாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஞாயிறு ஆராதனை முடியும்போது ரீச்சர் இறந்த செய்தி வந்தது. அடக்கத்துக்குப் போக வேண்டும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா என்னைக் கேட்கவே இல்லை. அம்மாவும் நானும் துறைவரைக்கும் போனோம்.

வள்ளத்தின் முன்னால் தாசண்ணையின் மகள் இருந்தாள். ஆறு வயது. திருநாள் சட்டை போட்டு, தலைவாரி, பவுடர் பூசி அனுப்பியிருந்தார்கள்.

அம்மா தாசண்ணையைப் பார்த்தார். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை.

அப்பா வள்ளத்தில் ஏறி, அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கரையில் என் பக்கத்தில் இறக்கிவிட்டார்.

"சுவாமி, அப்ப நாங்கள் என்னெண்டு போறது?"

"இப்பிடியே போவம். எஞ்சினைப் போடும்."

பிள்ளை வள்ளத்தில் போக வேண்டும் என்று அழுதாள். அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து அம்மா சோறு கொடுத்தார்.

நாலு மணிக்குச் சற்றுப் பிறகு அப்பாவும் தாசண்ணையும் திரும்பி வந்தார்கள்.